அடுத்த கிளாஸை ஊற்றும் முன்

இரவு 10.40 மணி. நான்காவது கிளாஸ் காலியாகிவிட்டது. அதை இரண்டு விரலால் முன்னே தள்ளி, “இன்னொன்னு போடுப்பா” என்கிறார் கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர். நாக்கு குழறவில்லை. உட்கார்ந்த இடத்தில் ஆடவும் இல்லை. ஆனால் ஒரு மணி நேரத்துக்கு முன்னால் இருந்ததைவிடக் குரல் உயர்ந்திருக்கிறது. முன்பின் தெரியாத பக்கத்து நாற்காலிக்காரரின் தோளில் இரண்டு தடவை கை போட்டுவிட்டார். பணத்தை எடுத்தபோது ஒரே நோட்டை இரண்டு முறை எண்ணினார். வண்டிச் சாவி கவுன்டர் மேலேயே கிடக்கிறது.

ஊற்றலாமா, வேண்டாமா? பார்டெண்டருக்குக் கிடைப்பது சில நொடிகள்தான். ஊற்றினால் பில் ஏறும், டிப்ஸ் கிடைக்கும், கஸ்டமர் முகம் மலரும். மறுத்தால் சத்தம் வரலாம், மேனேஜர் முறைக்கலாம். ஊற்றிய பிறகு அந்த வண்டி யார் மேலாவது ஏறிவிட்டால், பல நாடுகளில் விசாரணை இந்தக் கவுன்டர் வரை வந்து நிற்கும். அப்போது கேட்கப்படும் கேள்விகள் எளிமையானவை: எத்தனை கொடுத்தாய், எத்தனை மணிக்குக் கொடுத்தாய், அவர் எப்படி இருந்தார், நீ என்ன செய்தாய்.

பார்டெண்டர் பயிற்சி என்றதும் ஷேக்கரைச் சுழற்றுவதும் பாட்டிலை வீசிப் பிடிப்பதும்தான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதெல்லாம் கைப்பழக்கம், சில மாதங்களில் வந்துவிடும். நான் இங்கே எழுத நினைப்பது அதே பயிற்சியின் இன்னொரு பாதியைப் பற்றி. எப்போது நிறுத்துவது, எப்படி மறுப்பது, மறுத்த பிறகு அந்த மனிதரை என்ன செய்வது என்ற பாதி. சட்டத்தோடு நேராக உரசுவது அதுதான். அதைச் சொல்லித்தரும் பொறுப்பை முதலாளிகள் எவ்வளவு மனமில்லாமல் ஏற்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

குடித்தவன் பாடு என்றிருந்த காலம்

ஆங்கிலேயப் பொதுச்சட்ட மரபில் நெடுங்காலம் இதற்கு ஒரே பதில்தான் இருந்தது. குடிக்க முடிவு செய்தது குடித்தவர். போதையில் வண்டி ஓட்டியதும் அவரே. எனவே விபத்துக்குக் காரணம் குடித்த செயல்தான், விற்ற செயல் இல்லை. விற்றவர் கையைக் கழுவிக்கொள்ளலாம்.

அமெரிக்க மாநிலங்கள் சில 19-ஆம் நூற்றாண்டிலேயே இதை உடைக்கத் தொடங்கின. அங்கே பிறந்த சட்டங்களுக்கு ‘டிராம் ஷாப்’ சட்டங்கள் என்று பெயர். டிராம் என்பது சாராயத்தை அளந்து விற்ற சிறிய அளவை. அந்த அளவில் விற்ற கடை டிராம் ஷாப். அன்று சட்டம் இயற்றியவர்கள் மனதில் இருந்தது சம்பாத்தியம் முழுவதையும் கடையில் தொலைத்துவிட்டு வரும் ஆண்களின் மனைவி மக்கள். கார் வந்த பிறகு அதே சட்டத்துக்கு வேறு வேலை வந்தது. சாலையில் அடிபட்டவர் குடித்தவரோடு சேர்த்துக் கடைக்காரர் மேலும் வழக்குப் போட அது வழிவிட்டது.

அப்படிச் சட்டம் எழுதாத இடங்களில் நீதிமன்றங்களே முன்வந்தன. 1959-இல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் விசாரித்த வழக்கில், வயது நிரம்பாத ஒருவருக்குச் சில மதுக்கடைகள் விற்றிருந்தன. அவர் ஓட்டிய கார் மோதி ஒருவர் இறந்தார். அவருடைய மனைவி கடைகள் மேல் வழக்குத் தொடுத்தார். குடித்தது ஒருவர், விற்றவர் வேறொருவர் என்ற பழைய வாதம் அங்கே எடுபடவில்லை. கார் வந்துவிட்ட காலத்தில், குடித்துவிட்டுப் போகிறவர் சாலையில் யாருக்காவது தீங்கு செய்வார் என்பது விற்பவரால் முன்கூட்டியே ஊகிக்கக்கூடிய விஷயம் என்று நீதிமன்றம் சொன்னது. அமெரிக்காவில் பின்னால் வந்த பல தீர்ப்புகளுக்கு இது வாசல் திறந்தது.

ஆனால் எல்லா மாநிலமும் அந்த வழியில் போகவில்லை. கேளிக்கை விடுதிகளுக்குப் பேர்போன நெவாடாவில், 21 வயது நிரம்பியவருக்கு ஊற்றிக் கொடுத்தவர்மேல் அவர் செய்த சேதத்துக்காக நஷ்டஈடு கேட்க முடியாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. ஒரு மாநில எல்லையைத் தாண்டினால் பார்டெண்டரின் பொறுப்பே மாறிவிடுகிறது. அதனால்தான் உருப்படியான எந்தப் பயிற்சியிலும் முதல் வகுப்பு, வேலை பார்க்கும் ஊரின் சட்டத்தைப் படிப்பதாக இருக்கும்.

ஒரே கேள்வி, இரண்டு தீர்ப்பு

இந்தப் பொறுப்பு எவ்வளவு தூரம் நீளும் என்பதைக் காட்ட இரண்டு வழக்குகள் போதும். முதலாவது கனடாவில், நயாகரா அருவிக்கு அருகில் இருந்த ஜோர்டன் ஹவுஸ் என்ற விடுதி சம்பந்தப்பட்டது. அங்கே அடிக்கடி வரும் ஒருவர் அளவு தெரியாமல் குடிப்பவர் என்பது விடுதிக்காரர்களுக்குத் தெரியும். பொறுப்பான ஆள் கூட இல்லாமல் வந்தால் அவருக்கு ஊற்ற வேண்டாம் என்று ஊழியர்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள். ஆனாலும் ஒரு நாள் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். போதை தலைக்கேறி மற்ற மேஜைகளில் போய்த் தொந்தரவு செய்யத் தொடங்கியதும் வெளியே அனுப்பிவிட்டார்கள். வெளியே இருட்டு, மழை. நெடுஞ்சாலை வழியாக வீட்டுக்கு நடந்தவர்மேல் கார் மோதியது.

கனடாவின் உச்ச நீதிமன்றம் விடுதியையும் பொறுப்பாக்கியது. நடந்து போனவர், காரை ஓட்டியவர், விடுதி என்று மூவருக்கும் மூன்றில் ஒரு பங்கு. இதில் கவனிக்க வேண்டியது, விடுதி செய்த தவறு ஊற்றியதோடு நிற்கவில்லை. வெளியே அனுப்பியதும் தவறுதான். நிதானம் இல்லாத ஒருவரை நெடுஞ்சாலைப் பக்கம் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தினால் கடமை முடிந்ததாகாது. அவரைப் பத்திரமாக வீடு சேர்க்க ஏதாவது செய்திருக்க வேண்டும், அல்லது நிதானம் வரும்வரை உள்ளேயே உட்கார வைத்திருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். பிறகு 1995-இல் அதே நீதிமன்றம், இந்தக் கடமை குடிப்பவரோடு நிற்காமல் சாலையில் போகும் மூன்றாம் மனிதருக்கும் உண்டு என்று விரித்துச் சொன்னது. 2006-இல் இன்னொரு கோடும் போட்டது: வீட்டில் விருந்து வைக்கும் சாதாரண மனிதர்மேல் பொதுவாக இந்தச் சுமையை ஏற்ற முடியாது. லாபத்துக்கு விற்பவருக்கும் விருந்து கொடுப்பவருக்கும் வேறுபாடு உண்டு.

இரண்டாவது வழக்கு ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் நடந்தது. வழியில் போலீஸ் சோதனை இருக்கும் என்று பேச்சு வந்ததால், ஒருவர் தான் வந்த மோட்டார் சைக்கிளை விடுதியின் அறை ஒன்றில் பூட்டி வைக்கச் சம்மதித்தார். நேரம் ஆகி, போதையும் ஏறிய பிறகு விடுதிக்காரர், “உங்க மனைவிக்கு போன் பண்ணட்டுமா?” என்கிற மாதிரி கேட்டபோது கோபமாக மறுத்துவிட்டார். பிறகு வண்டியைக் கேட்டார். ஓட்ட முடியுமா என்று மூன்று தடவை கேட்டுவிட்டுச் சாவியைக் கொடுத்தார் விடுதிக்காரர். போகும் வழியில் விபத்தில் அவர் இறந்துபோனார். 2009-இல் அந்நாட்டின் உச்சபட்ச நீதிமன்றமான ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் விடுதிமேல் பொறுப்பில்லை என்று தீர்ப்பளித்தது. வயது வந்த ஒருவரின் சொந்த முடிவையும், ஒப்படைத்த வண்டியைத் திரும்பக் கேட்கும் உரிமையையும் விடுதிக்காரர் மறுக்க முடியாது, விதிவிலக்கான நிலைகளைத் தவிர இப்படி ஒரு கடமை பொதுவாகக் கிடையாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது கனடாத் தீர்ப்புதான் எனக்கு நியாயமாகப் படுகிறது. நிதானத்தைக் கெடுக்கும் பொருளை ஒருவருக்குக் காசுக்கு விற்றுவிட்டு, நிதானமாக முடிவெடுப்பது அவருடைய உரிமை என்று சொல்வதில் ஏதோ இடிக்கிறது. ஆனால் ஆஸ்திரேலிய நீதிபதிகள் காட்டிய சங்கடமும் பொய்யில்லை. சாவியைப் பிடுங்கி வைக்கப் பார்டெண்டருக்கு என்ன அதிகாரம்? அடிதடி வந்தால் யார் பொறுப்பு? கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர் போலீஸும் இல்லை, டாக்டரும் இல்லை.

நஷ்டஈட்டுக் கடமை இல்லை என்றதால் ஆஸ்திரேலியாவில் எல்லாம் தளர்வு என்று நினைத்துவிடக் கூடாது. பொறுப்பாக மது பரிமாறுதல் என்ற பெயரில் சான்றிதழ் வாங்காமல் அங்கே கவுன்டருக்குப் பின்னால் தொடர்ந்து வேலை பார்க்க முடியாது. நியூ சவுத் வேல்ஸ் சட்டப்படி, போதையில் நிலைகுலைந்த ஒருவர் கடைக்குள் இருந்தாலே உரிமக்காரர் அதை அனுமதித்ததாகக் கொள்ளப்படும். அப்படி இல்லை என்றால் அவருக்கு ஊற்ற மறுத்தேன், வெளியேறச் சொன்னேன், போலீஸைக் கூப்பிட்டேன் என்று உரிமக்காரர்தான் நிரூபிக்க வேண்டும்.

‘போதையில் இருக்கிறார்’ என்று எப்போது சொல்வது?

பெரும்பாலான சட்டங்கள் கட்டி நிற்பது ஒரு வார்த்தையில். கண்ணுக்குத் தெரியும்படி போதையில் இருப்பவருக்கு ஊற்றக் கூடாது. இங்கிலாந்தின் 2003-ஆம் ஆண்டு உரிமச் சட்டத்தின் 141-ஆம் பிரிவு, போதையில் இருப்பவருக்குத் தெரிந்தே விற்பதைக் குற்றமாக்குகிறது. அடுத்த பிரிவு, போதையில் இருக்கும் நண்பருக்காக வாங்கிக் கொடுப்பவரையும் சேர்த்துக்கொள்கிறது. நியூ சவுத் வேல்ஸ் சட்டம் இன்னும் விளக்கமாக எழுதுகிறது: பேச்சு, சமநிலை, உடல் ஒத்திசைவு, நடத்தை இவற்றில் மாற்றம் வெளிப்படையாகத் தெரிய வேண்டும், அது குடியால் வந்தது என்று நம்பச் சூழ்நிலையில் நியாயம் இருக்க வேண்டும்.

அந்த இரண்டாவது பாதிக்குக் காரணம் இருக்கிறது. பக்கவாதம் வந்து மீண்டவரின் பேச்சு குழறும். ரத்தத்தில் சர்க்கரை திடீரெனக் குறைந்த நீரிழிவுக்காரர் வியர்த்து, தடுமாறி, எரிச்சலோடு பேசுவார், பார்ப்பவருக்குக் குடித்தவர் மாதிரியே இருக்கும். அவரைத் தண்ணி போட்டவர் என்று வெளியே தள்ளினால் உயிருக்கே ஆபத்து. அதனால் நல்ல பயிற்சியாளர்கள் ஒரே ஒரு அறிகுறியை வைத்து முடிவெடுக்க விட மாட்டார்கள். நாலு வார்த்தை பேசிப் பார்க்கச் சொல்வார்கள்.

எனக்கு இந்தச் சட்ட வார்த்தையின் மேல் இருக்கும் குறை வேறு. தமிழில் போதைக்கு வார்த்தைப் பஞ்சமே இல்லை. ‘சுதி ஏறிடுச்சு’ என்போம், ‘மப்புல இருக்கார்’ என்போம், அதற்கும் மேலே போனால் ‘நிதானம் தப்பிடுச்சு’ என்போம். ஒவ்வொன்றும் ஒரு படி. சட்டம் கோடு கிழிப்பது பெரும்பாலும் நிதானம் தப்பிய கடைசிப் படியில். ஆனால் அந்தப் படியில் ஊற்றுவதை நிறுத்தி யாருக்கும் பெரிய பிரயோஜனமில்லை. ஏனென்றால் உடம்பு அப்படி வேலை செய்வதில்லை.

உடம்பின் கணக்கு

குடித்த மது ரத்தத்தில் முழுதாக ஏற நேரம் பிடிக்கும். வெறும் வயிறாக இருந்தால் அரை மணி முதல் ஒரு மணி நேரம். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் இன்னும் கூட. அதனால் கவுன்டரில் நாம் இப்போது பார்க்கும் மனிதர், அரை மணி நேரத்துக்கு முன்பு வரை குடித்ததன் விளைவு. கடைசியாகக் குடித்தது இன்னும் வயிற்றில் இருக்கிறது. ‘இப்போது தள்ளாடுகிறார், நிறுத்திவிடுகிறேன்’ என்று பார்டெண்டர் முடிவு செய்த பிறகும் அவருடைய போதை ஏறிக்கொண்டேதான் இருக்கும்.

ஏறுவது வேகம், இறங்குவது மெதுவு. ஈரல் மணிக்கு ஏறக்குறைய 7 முதல் 10 கிராம் ஆல்கஹாலைத்தான் எரிக்கும். காபி கொடுத்தாலும், முகத்தைக் கழுவச் சொன்னாலும், வெளியே நடக்க வைத்தாலும் அந்த வேகம் கூடாது. காபி குடித்த போதைக்காரர் தூக்கம் கலைந்த போதைக்காரர், அவ்வளவுதான்.

இதைக் கணக்குப் போட ஸ்வீடனைச் சேர்ந்த எரிக் விட்மார்க் 1930-களில் ஒரு சூத்திரம் கொடுத்தார். உடல் எடை, குடித்த கிராம், கழிந்த நேரம் மூன்றும் தெரிந்தால் ரத்தத்தில் எவ்வளவு இருக்கும் என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். நீதிமன்றங்களில் நிபுணர்கள் பின்னோக்கிக் கணக்குப் போடுவதும் இந்த வழியில்தான். நாம் முதலில் பார்த்த மனிதர் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு மணி நேரத்தில் 40 சதவீத மது, 60 மில்லி வீதம் நான்கு கிளாஸ். ஒரு கிளாஸில் ஏறக்குறைய 19 கிராம் ஆல்கஹால். நான்குக்கு 76. கணக்கின்படி அவருடைய ரத்தத்தில் 100 மில்லிக்கு சுமார் 130 மில்லிகிராம் இருக்கும். வண்டி ஓட்ட இங்கிலாந்தில் எல்லை 80, ஸ்காட்லாந்தில் 2014 முதல் 50. அவர் இரண்டையும் எப்போதோ தாண்டிவிட்டார். இத்தோடு நிறுத்திவிட்டு 11 மணிக்குப் படுத்தாலும், மறுநாள் காலை 7 மணிக்கு வேலைக்குக் கிளம்பும்போது ரத்தத்தில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்.

ஆனால் நாக்கு குழறவில்லை என்றேனே. பழகிய குடிகாரர்களிடம் இதுதான் ஆபத்து. வருடக்கணக்கில் குடித்தவரின் உடம்பு வெளியே நிதானமாகக் காட்டிக்கொள்ளப் பழகிவிடும். நேராக நடப்பார், தெளிவாகப் பேசுவார். பிரேக்கை மிதிக்க எடுக்கும் அந்த ஒரு கணத்தில்தான் உண்மை தெரியும். பெண்களுக்கு உடலில் நீரின் பங்கு பொதுவாகக் குறைவு என்பதால் அதே எடை, அதே அளவுக்கு ரத்தத்தில் சேர்வது கூடுதல். தூக்க மாத்திரை, அலர்ஜி மாத்திரை எடுத்தவர்களுக்கு இரண்டாவது கிளாஸே போதும். இவற்றில் எதுவும் முகத்தில் எழுதியிருக்காது.

ஆகவே பயிற்சி கண்ணை மட்டும் நம்பச் சொல்வதில்லை, எண்ணச் சொல்கிறது. எண்ணுவதற்கு முதலில் அளவு ஒழுங்காக இருக்க வேண்டும். கை மதிப்பில் ஊற்றுபவர்கள் மனதுக்குள் நாலு எண்ணினால் 60 மில்லி என்று பழகியிருப்பார்கள். பாட்டிலைச் சாய்க்கும் கோணம் மாறினாலும், கூட்ட நேரத்தில் எண்ணிக்கை மெதுவானாலும் அந்த 60, 75 ஆகிவிடும். நாலு கிளாஸ் என்று பில்லில் இருக்கும், உள்ளே போனது ஐந்து. ஜிகர் என்ற சிறிய அளவுக் கிண்ணத்தில் அளந்து ஊற்றுவது கஞ்சத்தனம் என்று நினைக்கும் கஸ்டமர்கள் உண்டு. உண்மையில் அது அவர்களுக்கும் பாதுகாப்பு.

கிளாஸின் எண்ணிக்கை மட்டும் போதாது, உள்ளே இருப்பதும் தெரிய வேண்டும். 5 சதவீத பீர் 330 மில்லியில் 13 கிராம் ஆல்கஹால். 8 சதவீத ஸ்ட்ராங் பீர் 500 மில்லியில் 31 கிராமுக்கு மேல். இரண்டையும் ‘ஒரு பீர்’ என்றுதான் சொல்கிறோம். லாங் ஐலண்ட் ஐஸ்டு டீயில் வோட்கா, ஜின், ரம், டெக்கீலா, ஆரஞ்சு லிக்கர் என்று ஐந்து வகை, ஒவ்வொன்றும் 15 மில்லி. குடிக்கும்போது இனிப்பான குளிர்பானம் மாதிரி இருக்கும், 20 கிராமைத் தாண்டும். அமெரிக்காவில் ஒரு ஸ்டாண்டர்டு டிரிங்க் என்றால் 14 கிராம், ஆஸ்திரேலியாவில் 10, பிரிட்டனில் ஒரு யூனிட் 8. பெயர் ஒன்றாக இருந்தாலும் கணக்கு வேறு என்பதால், ஒரு நாட்டில் படித்ததை இன்னொரு நாட்டில் அப்படியே போட்டால் தப்பாகிவிடும்.

மறுப்பதற்கு ஒரு பழக்கம் வேண்டும்

பல பயிற்சிகளில் டிராஃபிக் சிக்னல் மாதிரி பச்சை, மஞ்சள், சிவப்பு என்று வாடிக்கையாளரை மனதுக்குள் குறித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வந்து உட்காரும்போது எப்படி இருந்தார் என்பதே அடிப்படை. சத்தமாகப் பேசுவது சிலருக்குச் சுபாவம். சுபாவத்திலிருந்து எவ்வளவு விலகினார் என்பதுதான் பார்க்க வேண்டியது. முதலில் போவது கூச்சம், அடுத்து யோசனை, அதற்குப் பிறகுதான் கை கால். தோளில் கை போட்டபோதே நம் ஆள் மஞ்சளுக்கு வந்துவிட்டார்.

மஞ்சளில் செய்யும் வேலைதான் மொத்தப் பயிற்சியின் உயிர் என்பேன். யாரையும் மறுக்க வேண்டியதில்லை, வேகத்தைக் குறைத்தால் போதும். கேட்காமலேயே தண்ணீர் வைப்பது, மெனுவை நீட்டுவது, காலி கிளாஸைக் கண்டதும் ஓடி வராமல் வேறு மேஜையை முடித்துவிட்டு வருவது, டபுள் கேட்டால் சிங்கிள் எடுத்துக்கொள்ளலாமே என்று சொல்லிப் பார்ப்பது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கேட்டவருக்குக் குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும், சிறிய அளவிலும் மது கிடைக்க வேண்டும் என்பவை உரிமத்தோடு வரும் கட்டாய நிபந்தனைகள்.

சிவப்புக்கு வந்துவிட்டால் மறுத்தாக வேண்டும். இதை எழுதிப் படித்துப் பயனில்லை. வகுப்பில் ஒருவர் குடித்தவராக நடிக்க, மற்றவர் மறுத்துப் பழக வேண்டும். முதல் தடவை எல்லோரும் செய்வது ஒரே தப்பு: “நீங்க ரொம்பக் குடிச்சிட்டீங்க சார்.” அந்த வார்த்தை காதில் விழுந்ததும் எதிரில் இருப்பவருக்கு மானப் பிரச்சினை ஆகிவிடும். நண்பர்கள் பார்த்துக்கொண்டிருந்தால் இன்னும் மோசம். “யாருடா ரொம்பக் குடிச்சது?” என்று ஆரம்பிக்கும். பழகியவர் பக்கத்தில் போய், குரலைத் தாழ்த்தி, “சார், இன்னிக்கு இதுக்கு மேல என்னால தர முடியாது. குடுத்தா என் வேலைக்கே பிரச்சினை. தண்ணி கொண்டு வரேன், வண்டி கூப்பிடட்டுமா?” என்பார். பழியைத் தன் மேலும் விதியின் மேலும் போட்டுக்கொள்கிறார். எதிராளியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பேரமும் இல்லை. “கடைசியா ஒண்ணு” என்பதற்கு ஒரு தடவை இறங்கினால் அன்றைக்கு முழுக்க இறங்க வேண்டியதுதான்.

மறுத்த உடனே மற்ற ஊழியர்களுக்கும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் அவர் மறுமுனைக்குப் போய் இன்னொருவரிடம் கேட்பார், அல்லது நண்பரை அனுப்புவார். அதுபோலவே ஷிஃப்ட் மாறும்போது எந்த மேஜையில் யார் எத்தனையில் இருக்கிறார் என்று ஒப்படைக்க வேண்டும். புதிதாக வந்தவருக்கு எல்லோரும் பச்சையாகத்தான் தெரிவார்கள். இந்த இடத்தில்தான் பல கடைகள் கோட்டை விடுகின்றன.

யாரை மறுக்கலாம் என்பதிலும் சட்டம் உண்டு. நியூயார்க் நகரின் மனித உரிமை ஆணையம் 2016-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, கர்ப்பிணி என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருக்கு மது மறுப்பது பாகுபாடு. போதைக்காக மறுக்கலாம், ஆளைப் பார்த்து மறுக்கக் கூடாது.

வயது விஷயத்தில் இவ்வளவு குழப்பம் இல்லை. எண் தெளிவானது. அமெரிக்காவில் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் 21, பிரிட்டனில் 18. 18-ஐயும் 17-ஐயும் முகம் பார்த்துப் பிரிக்க முடியாது என்பதால் பிரிட்டிஷ் கடைகள் பல, 25-க்குக் கீழே தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்கின்றன. அட்டையைக் கையில் வாங்கி, ஓரத்தைத் தடவி, படத்தையும் முகத்தையும் ஒப்பிட்டு, பிறந்த ஆண்டைக் கழித்துப் பார்க்க வேண்டும். கழித்தல் கணக்கில் தவறு செய்து மாட்டிக்கொண்டவர்களே அதிகம் என்று பயிற்சியாளர்கள் சொல்வார்கள்.

பயிற்சி பலன் தருமா?

தருகிறது, ஆனால் தனியாக விட்டால் தராது. 1980-களின் நடுவில் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் மது ஊற்றும் எல்லோருக்கும் பயிற்சியைக் கட்டாயமாக்கியது. விளைவை ஆராய்ந்து 1994-இல் வெளியான ஆய்வு, இரவில் ஒற்றை வாகனம் சிக்கும் விபத்துகளை எடுத்துக்கொண்டது. இத்தகைய விபத்துகளில் பெரும்பாலும் குடி சம்பந்தப்பட்டிருக்கும். முதல் ஆறு மாதத்தில் 4 சதவீதம் குறைந்திருந்தது, மூன்றாம் ஆண்டு முடிவில் 23 சதவீதம். பயிற்சி பெற்றவர்கள் கூடக் கூடப் பலனும் ஏறியிருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் இருக்கிறது. 2013-இல் லிவர்பூல் நகரில் ஆராய்ச்சியாளர்கள் நடிகர்களை நன்றாகப் போதை ஏறியவர்களாக நடிக்க வைத்துப் பப்களுக்கு அனுப்பினார்கள். ஐந்தில் நான்குக்கும் மேற்பட்ட இடங்களில் ஊற்றிக் கொடுத்துவிட்டார்கள். போதையில் இருப்பவருக்கு விற்பது குற்றம் என்று சட்டம் இருந்தது. ஆனால் யாரும் பிடிபடுவதில்லை என்பதும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பிறகு பயிற்சி, போலீஸ் கண்காணிப்பு, பொதுமக்களிடம் பிரச்சாரம் மூன்றையும் சேர்த்துச் செய்தபோது நிலைமை வெகுவாக மாறியது.

கவுன்டரில் நிற்பவரின் நிலையை யோசித்தால் இதில் ஆச்சரியம் இல்லை. டிப்ஸை நம்பி வாழ்பவரிடம், மேனேஜர் விற்பனை இலக்கைச் சொல்லிவிட்டு, கூடவே ‘சட்டப்படி மறுத்துவிடு’ என்றும் சொன்னால் எதைக் கேட்பார்? மறுத்ததால் கஸ்டமர் கத்தியபோது மேனேஜர் வந்து, “பரவாயில்ல, ஒண்ணு குடுத்துடு” என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டால், அந்தக் கடையில் பயிற்சி அன்றோடு செத்தது. அடுத்த தடவை அவர் மறுக்கவே மாட்டார்.

டெக்சஸ் மாநிலச் சட்டத்தில் இதைத் தொடும் ஓர் ஏற்பாடு உண்டு. ஊழியர்கள் பயிற்சி பெற வேண்டும் என்று முதலாளி கட்டாயப்படுத்தியிருந்து, ஊழியரும் உண்மையிலேயே பயிற்சி பெற்றிருந்து, விதியை மீறும்படி முதலாளி நேராகவோ மறைமுகமாகவோ தூண்டாமல் இருந்தால், ஊழியர் செய்த தவறு முதலாளியின் தலையில் ஏறாது. பயிற்சிக்குச் செலவழிக்க முதலாளிக்கு இது நல்ல காரணம். எனக்குப் பயம், சான்றிதழைச் சுவரில் மாட்டிவிட்டுக் கேடயமாகப் பிடித்துக்கொள்ளவும் இதே ஏற்பாடு உதவும் என்பதுதான். அந்த மூன்றாவது நிபந்தனையைத்தான் நீதிமன்றங்கள் துருவிப் பார்க்க வேண்டும். ‘ஒண்ணு குடுத்துடு’ என்பதும் தூண்டுதல்தான். கலிபோர்னியா 2022 முதல் ஊற்றுபவரோடு அவருடைய மேனேஜரும் பயிற்சியும் தேர்வும் முடித்துச் சான்றிதழ் பெற வேண்டும் என்று வைத்திருப்பது அதனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

வழக்கு என்று வந்துவிட்டால் பேசுபவை காகிதங்களும் கேமராவும். ஒவ்வொரு கிளாஸும் எத்தனை மணிக்குப் பதிவானது என்று பில்லில் இருக்கும். 9.05, 9.20, 9.31 என்று இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்திருந்தால் பார்டெண்டர் கவனிக்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அதற்கு எதிராக அவரைக் காப்பாற்றக்கூடியது, கல்லாவுக்குக் கீழே கிடக்கும் ஒரு சாதாரண நோட்டு. எந்த மேஜை, எத்தனை மணி, என்ன பார்த்தேன், என்ன சொன்னேன், என்ன ஏற்பாடு செய்தேன், யார் உடனிருந்தார். ஐந்தாறு வரி. அன்றிரவே, நினைவு மங்கும் முன் எழுத வேண்டும். ‘குடிபோதையில் இருந்தார்’ என்று எழுதக் கூடாது, கண்ணால் பார்த்ததை எழுத வேண்டும்.

நம் கவுன்டர்க்காரருக்கு அப்படி எழுதினால் இப்படி இருக்கும்: ‘10.40. கவுன்டர், மூன்றாவது நாற்காலி. நான்கு கிளாஸ், 60 மில்லி, 8.45-இலிருந்து. குரல் உயர்ந்தது, ஒரே நோட்டை இரண்டு முறை எண்ணினார். ஐந்தாவது கேட்டார், கொடுக்கவில்லை. தண்ணீர் கொடுத்தேன். முதலில் கோபப்பட்டார். மேனேஜர் வந்து பேசினார். வண்டியை இங்கேயே விட்டுவிட்டு டாக்ஸியில் 11.15-க்குக் கிளம்பினார். சாவி அவரிடமே இருக்கிறது, வண்டியைக் காலையில் வந்து எடுப்பதாகச் சொன்னார். காலை ஷிஃப்டுக்குத் தெரிவிக்கவும்.’